தம்பியைப் பார்க்க வந்த ஒறம்பரை

எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று காதில் விழுந்துவிட்டால், ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட வேண்டும். போகாவிட்டால் ஏழு தலைமுறைக்கும் அது பேச்சு. இந்த விஷயத்தில் என்னை ஒருத்தரும் குறை சொல்ல முடியாது. அன்னூரில் என் நாத்தனாருக்குக் கர்ப்பப்பையை எடுத்தபோது போனேன். பொள்ளாச்சியில் என் பெரியம்மா மகன் தென்னை மரத்திலிருந்து விழுந்தபோது பஸ் மாறிப் பஸ் ஏறிப் போனேன். அவர் விழுந்தது அடுத்தவர் தோப்பு மரத்திலிருந்து. எதற்காக ஏறினார் என்று நான் கேட்கவில்லை. விசாரிக்கப் போன இடத்தில் அதெல்லாம் கேட்பது முறையில்லை. சாத்துக்குடிப் பையைக் கட்டில் ஓரம் வைத்து, "இப்ப எப்படீங்க இருக்குது" என்று கேட்டு, சொல்வதைக் கேட்டுக்கொண்டு வந்துவிட வேண்டும்.

இப்படி ஊரெல்லாம் போய்ப் பார்த்தவள் நான். என் தம்பிக்குச் சீக்கு வந்தபோது என் வாசலுக்கு ஒரு ஈ, காக்கை வரவில்லை.

தொண்ணூறுகளில் நாங்கள் சோமனூரில் குடியிருந்தோம். வீட்டை ஒட்டியே தறிக்கூடம். தறி ஓடுகிறபோது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. புருசன் பெண்டாட்டி சண்டையைக்கூடக் கரண்டு போன பிறகுதான் வைத்துக்கொள்வோம். அப்பேர்ப்பட்ட ஊரில் என் தம்பிக்கு மட்டும் யாரோ பேசுவது தெளிவாகக் கேட்டது.

அவன் கோயமுத்தூரில் ஒரு மில்லில் வேலையாக இருந்தான். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா போன பிறகு என்னோடுதான் இருந்தான். முதலில் மில்லில் சிலபேர் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றான். எந்த மில்லில்தான் பேசமாட்டார்கள் என்று விட்டுவிட்டோம். பிறகு மில்லுக்குப் போகாத நாளிலும் அவர்கள் பேசினார்கள். பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் தலையைச் சொறிந்தால் அது இவனைக் காட்டிக்கொடுக்கும் சைகை. வெளியிலிருந்து யாரும் பார்த்துவிடக் கூடாது என்று ஜன்னலுக்கெல்லாம் பழைய பேப்பர் ஒட்டினான். நாங்களும் கோயில் கோயிலாகப் போய்க் கயிறு கட்டிக் கட்டி, கடைசியில் அவன் மணிக்கட்டே கண்ணுக்குத் தெரியவில்லை. குரல் மட்டும் நிற்கவில்லை. அப்புறம்தான் கோயமுத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனோம். கொஞ்ச நாள் அங்கேயே வைத்துப் பார்த்து அனுப்பினார்கள்.

அந்த அம்மா சின்ன வயசுதான், ஆனால் பொறுமைசாலி. வியாதிக்குப் பெயர் ஸ்கிசோஃப்ரீனியா, தமிழில் மனச்சிதைவு என்றார். எனக்கு இரண்டுமே வாயில் நுழையவில்லை. என் வீட்டுக்காரர்தான் மறந்துவிடுமே என்று பஸ்ஸில் சோமனூர் வரைக்கும் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

"அவருக்குக் கேக்கற குரல் அவருக்கு நெசந்தானுங்க அம்மா" என்றார் டாக்டரம்மா. "இல்லைன்னு சண்டைக்கும் போகாதீங்க, ஆமான்னு தலையும் ஆட்டாதீங்க. இது பேயும் இல்ல, நீங்க வளத்துன தப்பும் இல்ல. சர்க்கரை மாதிரி, ரத்தக்கொதிப்பு மாதிரி இதுவும் ஒரு வியாதி. மாத்திரையை மட்டும் நிறுத்தவே கூடாதுங்க. நிறுத்துனா மறுபடியும் முதல்லருந்து ஆரம்பிச்சுரும்."

அவர் சொன்னதில் எனக்கு நன்றாகப் பதிந்தது சர்க்கரை மாதிரி என்பதுதான். சர்க்கரைக்கு வந்து பார்க்கிறவர்கள் இதற்கு ஏன் வரவில்லை? எதிர் வீட்டுக்காரிக்குக் காலில் ஆணி. வெறும் ஆணி. அதற்குத் திருப்பூரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். என் தம்பி ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்திருக்கிறான், வாசலில் ஒரு செருப்பு இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. மாவு மில்லில், கல்யாண வீட்டில், பஸ் ஸ்டாண்டில், கண்ட இடத்தில் சொந்தக்காரர்களைப் பிடித்தேன்.

"என்ற தம்பிக்குப் பெரிய சீக்குங்க. பேரே வாயில நொழையாது, அத்தன பெரிய சீக்கு. நீங்க ஒருத்தரும் வந்து எட்டிப் பாக்கல."

என் வீட்டுக்காரருக்கு இது பிடிக்கவில்லை. "ஏம்புள்ள, இதையப் போயி ஊரு பூரா டமாரம் அடிக்கறயே."

"அடிச்சா என்னங்க? உங்களுக்கு மூலம் வந்தப்ப ஊரே திரண்டு வரலீங்களா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தறிக்கூடத்துக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒறம்பரை என்போம், வீடு தேடி வரும் சொந்தபந்தம். எல்லாம் ஒரே நாளில் வந்து இறங்கிவிட்டது. தம்பி முன்னறைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். முதலில் நுழைந்தது அன்னூர் நாத்தனார்.

"உங்களை ஆரு அனுப்புச்சாங்க?" என்று கேட்டான்.

"உங்கக்காதானுங்க தம்பி, வரச் சொன்னாங்க."

அடுத்தது பொள்ளாச்சிக்காரர், காலை இழுத்துக்கொண்டு, ஒரு குலை இளநீரோடு.

"உங்களை ஆருங்க அனுப்புச்சாங்க?"

"அக்காதான் கண்ணு."

தறிக்காரர்கள், மாவு மில்லுக்காரர், காலில் ஆணி உள்ளவள், எல்லாரும் அதே பதில்தான் சொன்னார்கள். வந்தவர்கள் நாற்காலி, பெஞ்சு, நெல் மூட்டை என்று இடம் பிடித்து, வரிசையாக உட்கார்ந்து அவனையே பார்த்தார்கள். கால் முறிந்திருந்தால் கட்டைத் தொட்டுப் பார்க்கலாம். இதற்கு என்ன கேட்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பொள்ளாச்சிக்காரர் அவன் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கட்டு எதுவும் போடலீங்களா?" என்றார்.

"இல்லீங்க."

"அந்தப் பேசறவங்க, இப்பவும் பேசறாங்களா?"

"இல்லீங்க. ஒறம்பரை போகட்டும்னு இருக்கறாங்க."

"ஆம்பளைங்களா, பொம்பளைங்களா?"

"ரெண்டு ஆம்பளை, ஒரு பொம்பளைங்க."

"நம்ம பக்கத்து ஆளுங்களா?"

தம்பி யோசித்தான். "தெரீலீங்க. பேச்சுல கொஞ்சமும் மரியாதை இல்லீங்க."

"அப்ப நம்மாளுங்க இல்ல" என்றார் பொள்ளாச்சிக்காரர். அறையில் இருந்த எல்லாருக்கும் அதில் ஒரு நிம்மதி.

எனக்கும் நிம்மதிதான். வாசலில் கிடந்த செருப்புகளை எதிர் வீட்டுக்குத் தெரியும்படி நானே பரப்பி வைத்தேன். சாயங்காலம் எல்லாரும் போன பிறகு தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, சித்த இங்க வா. எல்லாரும் என்னையப் பாக்கறாங்கன்னு நெனைக்கறதுதான் சீக்கு, நெசத்துல ஆரும் பாக்கலைன்னு டாக்டரம்மா சொன்னாங்களா இல்லியா?"

"சொன்னாங்க."

"இன்னைக்குப் பாத்தாங்களா இல்லியா?"

நான் முந்தானையைச் சரிசெய்தேன்.

"என்னையப் பத்திப் பேசுனாங்களா இல்லியா? எல்லாத்தையும் அனுப்புச்சு வெச்சது ஆரு?"

"நாந்தான் சாமி."

"அப்ப ஆருக்குச் சீக்கு?"

கோர்ட்டில் வக்கீல்கூட இப்படி மடக்கமாட்டார். நான் மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினேன். சீக்கே இல்லாதவனுக்கு மாத்திரை எதற்கு என்று அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மறுநாளும் போடவில்லை. அதற்கு மறுநாளும் போடவில்லை. தூக்கம் குறைந்தது, தனியாக முணுமுணுக்க ஆரம்பித்தான், ஜன்னலில் மறுபடி பேப்பர் ஏறியது. டாக்டரம்மாவிடம் வர மறுத்தான். நான் மட்டும் போய்ச் சொன்னதற்கு, அதட்டாதீங்க, ஆனால் எப்படியாவது போட வையுங்க என்றார். எப்படியாவது என்றால் எப்படி? என் வீட்டுக்காரர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாப்ளே, எனக்காவ ஒண்ணே ஒண்ணு."

"நீங்க வேணாப் போட்டுக்குங்க மாமா. உங்களுக்குத்தான் வியாதின்னா ஆசையாச்சே. பஸ்ஸுல பேரெல்லாஞ் சொல்லிட்டு வந்தீங்க."

அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தயிர்ச் சோற்றில் பொடித்துப் போட்டுவிடலாமா என்றார். வேண்டாம் என்றேன். "இப்பவே நாந்தான் உளவுக்கூட்டத்துக்குத் தலைவின்னு நெனச்சுட்டிருக்கறான். அதுவுந் தெரிஞ்சா எங்கையில சோறும் வாங்கமாட்டானுங்க. பட்டினி கெடந்து போயிருவான்."

இதற்கு நடுவில் ஒறம்பரை வேறு நிற்கவில்லை. வரச் சொல்வது எளிது, வராதீர்கள் என்று எங்கள் சாதிசனத்திடம் சொல்ல முடியாது. இப்போது தேவலை என்று சொல்லி அனுப்பினால், ஐயோ முத்திவிட்டது போல, அதுதான் மறைக்கிறாள் என்று இன்னும் அதிகமாக வந்தார்கள். ஒவ்வொருவரையும் அவன், "அக்காதானுங்களே?" என்று மட்டும் கேட்டுவிட்டு என்னைப் பார்ப்பான்.

அப்படி ஒரு நாள் பல்லடம் பக்கத்திலிருந்து ஒருத்தி வந்தாள். எனக்கு ஒன்றுவிட்ட தங்கை முறை. தனியாக வந்திருந்தாள். மற்றவர்கள் எழுந்து போகும்வரை ஒன்றும் பேசவில்லை. போன பிறகு நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அண்ணா, எங்க மாமியாளுக்கும் இதேதானுங்க. வெளிய சொன்னதில்லைங்க. டாக்டர் குடுத்த மாத்திரையப் போட்டா நாக்கு வறளுது, தூக்கம் தூக்கமா வருதுன்னு துப்பிப்போடறாங்க. நீங்க எப்படீங்க முழுங்கறீங்க?"

நான் கதவோரம் மோர்ச் சொம்போடு நின்றிருந்தேன். மாத்திரையை அவன் தொட்டே ஒரு வாரம் ஆகியிருந்தது. இதை அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. அவன் அவளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

"அதொண்ணும் பெரிய வேலை இல்லீங்க அம்மணி. இருங்க, காட்டறேன். அக்கா, அதைய எடுத்துட்டு வா."

நான் ஓடினேன். அந்த வயதில் அப்படி ஓடியிருக்கக் கூடாது, நிலைப்படியில் இடித்துக்கொண்டேன்.

அவன் சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். "மொதல்ல ஒரு வாய் மோர். தலைய அண்ணாந்தரக் கூடாதுங்க, நேரா வெச்சுக்கோணும். இப்ப மாத்திரை. இப்ப இன்னொரு வாய்." விழுங்கிவிட்டு வாயைத் திறந்து, நாக்கை மேலும் கீழும் தூக்கிக் காட்டினான். அவள் குனிந்து எட்டிப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன்.

"நாக்கு வறண்டா நெல்லிக்காத் துண்டு ஒதுக்கிக்கச் சொல்லுங்க. தூக்கத்துக்கு டாக்டரக் கேளுங்க, அவிங்க கொறைப்பாங்க."

"கொரலு நின்னு போயிருங்களா அண்ணா?"

"எனக்கு முழுசா நிக்கலீங்க. தறியத் தூக்கி அக்கட்ட, அடுத்த தெருவுக்கு மாத்துனாப்பல இருக்கும். ஓடும். நாம பாட்டுக்கு நம்ம வேலையப் பாக்கலாம்."

அத்தனை நாளில் அவன் உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். டாக்டரம்மா சொன்னபோதுகூட இவ்வளவு விளங்கவில்லை.

அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்து கேட்டேன். "ஏஞ்சாமி, நாங்க அத்தன கெஞ்சுனோம். இன்னைக்கு மட்டும் எப்படி?"

"பின்ன? அத்தன தூரத்துலருந்து வந்தவங்க வாய் தொறந்து கேக்கறாங்க. முடியாதுன்னு மொகத்துல அடிச்சாப்பல சொல்றதா? உள்ள பேசறவனுங்க வேண்டா வேண்டாங்கறானுங்க. ஒறம்பரை இருக்கறப்பச் சித்த சும்மா இருங்கடான்னு சொல்லிப்போட்டேன்."

எனக்குப் பிடி கிடைத்துவிட்டது. அடுத்த நாள் மாவு மில்லுக்காரரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவர் முன்னால் மாத்திரை இறங்கியது. அதற்கடுத்த நாள் எதிர் வீட்டுக்காரி. பல்லடத்துக்காரி மாமியாரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து போட்டி போட்டு விழுங்கி, நாக்கை நீட்டிக் காட்டிக்கொண்டார்கள். அந்தக் கிழவி போகும்போது என் தம்பியைப் பார்த்து, நீங்கள் கொஞ்சம் அவசரப்படுகிறீர்கள் என்று குறை சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. காட்டில் விதைப்பு வேலை வந்துவிட்டது, ஒருவரும் வரவில்லை. ஒரு நாள் காலையில் தம்பி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாத்திரை தட்டில் இருந்தது.

"ஆரும் வரலியே" என்றான். அவன் முகத்திலும் கவலைதான்.

நான் கொல்லைக் கதவு வழியாக வெளியே போனேன். மாட்டுக்கொட்டாய் ஓரமாகச் சேற்றில் சுற்றிக்கொண்டு வந்து, முன்வாசலில் காலைக் கழுவி, "ஏனுங்க, வூட்ல ஆருங்க?" என்று குரல் கொடுத்தேன்.

கட்டில் கிறீச்சிட்டது. "வாங்க, வாங்க. எங்கிருந்துங்க வர்றீங்க?"

"இங்க பக்கந்தானுங்க. தம்பிக்கு ஒடம்பு எப்படீங்க இருக்குது?"

"பரவால்லீங்க, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, மோரை எடுத்து ஒரு வாய் குடித்து, மாத்திரையைப் போட்டு, இன்னொரு வாய் குடித்தான். நாக்கைத் தூக்கிக் காட்டினான். நான் குனிந்து பார்த்துத் தலையை ஆட்டி, அப்போ வாரேனுங்க என்று எழுந்தேன்.

"அட, இருங்க. ஒரு வாய் காப்பி குடிக்காமப் போனா எப்படிங்க" என்றான்.

அந்தக் காப்பியைப் போட நான்தான் உள்ளே போக வேண்டியிருந்தது.