பெட்டிக்குள் என் பல்

இருபத்தேழு வயதில் கல்யாணமாகாமல் இருந்த என் சித்தியைப் பற்றி வீட்டில் ஏற்கெனவே கவலை இருந்தது. அவளுக்கு ஒரு பொழுதுபோக்கும் வந்து சேர்ந்தபோது கவலை இரண்டானது. அது என்ன பொழுதுபோக்கு என்று யாருக்கும் விளங்காததால் அதை வெளியில் சொல்லி அழவும் முடியவில்லை.

கம்பெனி அவளை எட்டு மாதம் வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தது. அங்கே கற்றுக்கொண்டு வந்தாள். ஜியோகேச்சிங் என்று பெயர். யாரோ ஒருவர் ஒரு சின்னப் பெட்டியை எங்கேயாவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட்டுவிடுவார். அவரை முன்பின் தெரியாத இன்னொருவர் போனைப் பார்த்துக்கொண்டே நடந்துபோய், தேடி எடுத்து, உள்ளே இருக்கும் நோட்டில் பேர் எழுதுவார். பெட்டியிலிருந்து ஒரு சாமானை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைப்பார். பிறகு எடுத்த இடத்திலேயே ஒளித்துவிட்டு வருவார்.

"அதுக்கப்புறம்?" என்று அப்பா கேட்டார்.

"அதுக்கப்புறம் ஒண்ணுமில்ல அத்தான். வீட்டுக்கு வந்துரலாம்."

அப்பா பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார்.

பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில்தான் சித்தி இருந்தாள். தனியாகப் போகக் கூடாது என்று அம்மா என்னைத் துணைக்கு அனுப்பினாள். பத்து வயதுக்காரி இருபத்தேழு வயதுக்காரிக்குத் துணை. என் பொறுப்பை நான் மிகப் பெரிதாக எடுத்துக்கொண்டேன். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, போனில் அம்புக்குறி காட்டும் திசையைச் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டு போவேன்.

அப்போது மதுரைப் பக்கம் அப்படி ஒளித்துவைத்த பெட்டிகள் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன. ஒன்று சிம்மக்கல்லில், மொத்தக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்துச் சுவரில் இருந்தது. நாங்கள் சுவரைத் தடவித் தடவித் தேடுவதைப் பார்த்து, மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் வந்தார். "என்னத்தத் தொலைச்சீங்க?" என்று கேட்டார். தேடுவதை வெளியாட்களுக்குச் சொல்லக் கூடாது என்பது விளையாட்டின் விதி. "கம்மல்" என்றாள் சித்தி. அந்த நல்ல மனிதர் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார். மூன்று பேரும் சாக்கடை ஓரமாகக் குனிந்து, இல்லாத கம்மலை அரை மணி நேரம் தேடினார்கள். கம்மல் கிடைக்கவில்லை என்று எங்களைவிட அவர்கள்தான் வருத்தப்பட்டார்கள். பெட்டியை மறுநாள் போய் எடுத்தோம். கட்டைவிரல் பருமன்தான் இருந்தது.

அடுத்ததாக, சொந்தமாக ஒரு பெட்டி ஒளிக்க வேண்டும் என்று சித்திக்கு ஆசை வந்தது. ஒரு மாதம் திட்டம் போட்டாள். கோயில் பக்கம் கூடாது, பட்டா நிலம் கூடாது, மண்ணைத் தோண்டக் கூடாது என்று விதிகள் நிறைய. கடைசியில் எழுமலைக்குத் தெற்கே, அம்மா பிறந்த ஊரில், புறம்போக்கில் இருந்த ஒரு பாறையைத் தேர்ந்தெடுத்தாள். அந்த ஊரில் என் மாமா, அதாவது அம்மாவுக்கும் சித்திக்கும் மூத்த அண்ணன், விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தார். போய்த் தங்க வீடும் ஆயிற்று.

பெட்டி, கிளிப் வைத்து மூடுகிற பிளாஸ்டிக் டப்பா. வெளியே கறுப்பு டேப் சுற்றினோம். உள்ளே ஒரு குட்டி நோட்டு, பென்சில், வெளிநாட்டு நாணயம், நான்கு கண்ணாடி வளையல், சிவப்பு ரிப்பன். விளையாட்டை விளக்கும் ஆங்கிலச் சீட்டு ஒன்றை இணையத்திலிருந்து எடுத்து மடித்து வைத்தாள். "உன்னோடது எதாச்சும் வைடி" என்றாள் என்னிடம். நான் ஒரு கை போன குட்டிப் பொம்மையைக் கொடுத்தேன்.

சித்திக்குத் தெரியாமல் நான் செய்தவை இரண்டு. அந்த வாரம் விழுந்த என் கடைவாய்ப் பல்லைத் தாளில் சுற்றி உள்ளே போட்டேன். என்னிடம் இருந்ததிலேயே அரிய பொருள் அதுதான். அப்புறம், நோட்டு வெறுமையாக இருப்பதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. முதலில் திறக்கிறவர், இந்தப் பெட்டியை யாருமே தேடி வரவில்லை போல என்று நினைத்துவிடுவாரே. அதனால் சொந்தக்காரர்கள் பெயரையெல்லாம் வரிசையாக எழுதினேன். மாமா பெயரை முதலில் எழுதி, அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்பதால், சிவப்புப் பென்சிலால் சுற்றி வட்டம் போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டிலிருந்து, சும்மா நடந்துவிட்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். பாறை அடிவாரத்தில் ஓர் அம்மா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, கையில் நீளமான தொரட்டி. நாங்கள் எந்தப் பக்கம் ஏறுவது என்று முழிப்பதைப் பார்த்து அவரே வந்தார். நாங்கள் யார் வீடு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"இந்தப் பக்கம் குளவிக்கூடு இருக்கு தாயி. அங்கிட்டுச் சுத்தி ஏறுங்க. என்ன சோலியா வந்தீக?"

"சும்மா, பாறையைப் பாக்கத்தான்" என்றாள் சித்தி.

"பாறையில என்ன இருக்கு பாக்க?" என்று சிரித்தார். எங்களுக்கு முன்னால் நடந்து, தொரட்டியால் முள்ளை விலக்கி, ஏறும் இடம் வரை கொண்டுவந்து விட்டார். மாமா தோட்டத்தை ஒட்டியிருந்த நடைபாதையில் முள்கம்பி போட்டிருந்ததால் இப்போதெல்லாம் ஊரைச் சுற்றித்தான் ஆடு ஓட்டி வர வேண்டியிருக்கிறது என்றார். கம்பி போட்டது யார் என்று அவரும் சொல்லவில்லை, சித்தியும் கேட்கவில்லை. அவர் ஆடுகளோடு அந்தப் பக்கம் போன பிறகு, இரண்டு கற்களுக்கு நடுவில் பெட்டியைச் செருகிவிட்டு இறங்கினோம்.

மூன்று வாரம் யாரும் தேடி வரவில்லை. சித்தி தினமும் போனைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். பிறகு கம்பெனி வேலையாகச் சென்னை போனாள்.

அந்தச் சனிக்கிழமை காலை மாமாவிடமிருந்து அம்மாவுக்குப் போன் வந்தது. கறுப்பு டேப் சுற்றிய ஒரு டப்பாவை, கரிமூட்டத்துக்குக் கருவேலம் வெட்ட வந்த ஆள் பாறையில் எடுத்திருக்கிறான். உள்ளே மாமா பெயர் இருந்ததால் அவரிடமே கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். கை ஒடிந்த பொம்மை, சிவப்புத் துணி, வளையல், மனுஷப் பல். குடும்பத்தில் ஒருவர் விடாமல் எல்லார் பெயரும். மாமா பெயருக்கு மட்டும் ரத்த நிறத்தில் வட்டம். முந்தைய வாரம்தான் அவருடைய தோட்டத்து போர்வெல்லில் தண்ணீர் நின்று போயிருந்தது.

சித்தியின் ஆங்கிலச் சீட்டும் உதவவில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவன் எழுத்துக்கூட்டி, "வாழ்த்துகள். தெரிஞ்சோ தெரியாமலோ இதைக் கண்டுபிடிச்சிட்டீங்க. இதை இடம் மாத்தாதீங்க" என்று சொல்லியிருக்கிறான். அதோடு மாமாவுக்கு ஜுரமே வந்துவிட்டது.

யார் வைத்தது என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பாறைப் பக்கம் தினமும் போவது அந்த ஆடு மேய்க்கிற அம்மாதான். பாதையை அடைத்த கோபம் இருக்கிறது. அவருடைய மகன் மதுரையில் இன்ஜினியரிங் படிக்கிறான், அதனால் இங்கிலீஷ் சீட்டுக்கும் ஆள் இருக்கிறது.

அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மாமாவின் குரல் அடுக்களை முழுக்கக் கேட்டது.

"கேட்டா என்ன சொல்றா தெரியுமா? உங்க தங்கச்சியும் அந்தப் பிள்ளையும்தான் அன்னைக்குப் பாறைக்கு வந்தாக, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கிறா. எம்புட்டு நெஞ்சழுத்தம் பாத்தியா? நம்ம வீட்டுப் பொம்பளப் பிள்ளைக மேலயே பழியப் போடுறா."

அம்மா கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்க அன்னைக்குப் பாறைப் பக்கம் போனீங்களாடி?"

"இல்ல" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். விளையாட்டை வெளியில் சொல்லக் கூடாது என்ற விதி ஒரு காரணம். பல்லையும் பெயர்களையும் போட்டது நான் என்று தெரிந்தால் விழப்போகிற அடி இன்னொரு காரணம். சொல்லி முடிப்பதற்குள் அம்மா போன் பக்கம் திரும்பிவிட்டாள்.

"போகலையாம்ணே. பிள்ளை பொய் சொல்லாது."

"அதான பாத்தேன். திங்கக்கிழமை காலையில கோயில்ல சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லிருக்கோம். மாட்டேன்னா ஊருக்குள்ள ஆடு ஓட்டக் கூடாது."

அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ரசம் வைத்துக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சித்தி சென்னையிலிருந்து வந்து, பயணப் பெட்டியை இழுத்துக்கொண்டு மாடிப்படி ஏறும்போதே பின்னாலேயே ஓடி, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு மாமாவுக்குப் போன் போட்டாள். அவர் எடுக்கவில்லை. அத்தை எடுத்து, பாதி கேட்டதுமே, "அவர் ஜுரத்துல படுத்திருக்காக. நீ வேற அவளுக்கு வக்காலத்து வாங்காத" என்று வைத்துவிட்டாள்.

கீழே அம்மா, விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சத்தத்தைத் தாழ்த்திச் சொன்னாள். "அண்ணன் ஊரக் கூட்டிட்டாரு. இப்பப் போய் விளையாட்டுன்னு சொன்னா அவர் மானம் என்ன ஆகுறது? ரெண்டு நாள்ல தானா அடங்கிரும்."

"அடங்காதுக்கா" என்றாள் சித்தி. "நான் காலையில போறேன். இவளும் வாரா."

பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் முதல் பஸ்ஸில் ஏறி, உசிலம்பட்டியில் மாறி, எழுமலையில் இறங்கி, ஆட்டோ பிடித்தோம். கோயிலுக்கு முன்னால் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். மாமா துண்டைப் போர்த்திக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்கள் டப்பா தரையில் ஒரு வாழை இலைமேல் இருந்தது. அதிலிருந்து இரண்டடி தள்ளியே எல்லாரும் நின்றார்கள். அந்த அம்மா கூட்டத்துக்கு எதிர்ப்பக்கம், வெயிலில், தனியாக நின்றார். குளித்துவிட்டு ஈரச் சேலையோடு வரச் சொல்லியிருந்தார்களாம். சேலை பாதி காய்ந்திருந்தது.

சித்தி நேராகப் போய் இலைமேல் இருந்த டப்பாவைக் கையில் எடுத்தாள். கூட்டம் "ஏய்" என்று பின்வாங்கியது.

"இது நான் வச்சதுண்ணே" என்றாள். "இந்த அக்கா சொன்னது அம்புட்டும் நெசம். நானும் இவளும்தான் வந்தோம்."

மாமா நம்பவில்லை. தங்கை யாருக்கோ பயந்து பேசுகிறாள் என்று நினைத்தார். சித்தி போனைத் திறந்து, அந்தப் பாறையின் படத்தையும், பெட்டி வைத்த தேதியையும், தன் பெயரையும் காட்டினாள். அவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"நீ போகலைன்னு உங்கம்மாகிட்டச் சொன்னியே?"

எதிர்ப்பக்கத்திலிருந்து அந்த அம்மா என்னைப் பார்ப்பது தெரிந்தது.

"பல்லு?" என்றார் மாமா.

"என்னோடது."

"வாயத் திற."

திறந்தேன். மாமா எட்டிப் பார்த்தார். பூசாரி எட்டிப் பார்த்தார். கருவேலம் வெட்டுகிறவரும் வந்து பார்த்தார். "ஆமாய்யா, மேல வலது பக்கம் ஒண்ணக் காணோம்" என்று யாரோ அறிவித்ததும் கூட்டம் குபீரென்று சிரித்தது. மாமாவும் சிரித்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார், ஜுரம் போயே போய்விட்டது. "சின்னப்பிள்ளைக விளையாட்டு, விடுங்கய்யா" என்றார். யாரோ கடையிலிருந்து எனக்குக் கலர் சோடா வாங்கிவந்து கொடுத்தார்கள். வீட்டுக்குப் போனதும் கோழி அடிப்பதாக அத்தை சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. உண்மையைச் சொல்லி ஒருவரைக் காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமைகூட வந்தது.

அந்த அம்மா மட்டும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். "அப்ப நான் போகலாங்களாய்யா?" என்று கேட்டார். எல்லாரும் என் பல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

சித்தி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். ஊர் முடிகிற இடத்தில் அவரைப் பிடித்தோம்.

"அக்கா, மன்னிச்சிருங்க. அன்னைக்கு உங்ககிட்ட மறைச்சது என் தப்பு. எங்களாலதான் இம்புட்டும்."

அவர் சேலை நுனியைப் பிழிந்து உதறினார். பிழிய ஒன்றும் இல்லை, அது எப்போதோ காய்ந்திருந்தது. கோபமாகப் பேசவில்லை. கணக்கு விளங்காமல் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"நானும் ரெண்டு நாளா அதையேதான தாயி சொன்னேன்? நீங்க வந்து சொன்னீக, சரி. நீங்க வராம இருந்திருந்தா?"

சித்தி மறுபடியும், "மன்னிச்சிருங்கக்கா" என்றாள். சித்திக்குப் பதில் தெரியாமல் போய்விட்டதே என்று எனக்குப் பாவமாக இருந்தது. எனக்கோ அது சுலபமான கேள்வியாகப் பட்டது.

"முதல் பஸ்ஸை விட்டிருந்தாலும் ஏழரைக்கு ஒரு பஸ் இருக்கு" என்றேன். "அதுல வந்திருப்போம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, சரி என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். பதில் சரியாகச் சொல்லிவிட்டேன் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.