மஞ்சளில் நிறம் மாறாத காளான்

ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்தால் எங்கள் தோட்டம் கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். குரோட்டன்ஸ் இலைகளில் சிவப்பு ஏறும். வேலியில் செங்காந்தள் கொழுந்துவிட்டு எரிவதுபோல் நிற்கும். வெட்டிப்போட்ட பலாக்கட்டையில் தட்டுத்தட்டாகக் காளான் விரியும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கல்லூரியில் தாவரவியல் படித்தேன். செங்காந்தள் கிழங்கு ஆளைக் கொல்லும் என்று படித்த பிறகு, மழையில் மினுக்கிக்கொண்டு நிற்கும் எதையும் நான் நம்புவதில்லை.

போன ஐப்பசியில் மைனிக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, ஏழாம் மாதம். ஒரு நாள் காலையில் பக்கத்து வீட்டுச் சித்தி தேக்கிலை நிறையக் காளான் கொண்டுவந்தாள். காம்பு கிள்ளி, மண் போகக் கழுவியிருந்தது.

"கூணு கேட்டாளாமே ஒங்க மருமவ. புத்துல பறிச்சதாக்கும். வச்சுக் குடு."

அம்மா உடனே சட்டியில் தண்ணீரும் மஞ்சளும் போட்டு, அதில் இரண்டைக் கிள்ளிப்போட்டாள். விஷக்காளான் என்றால் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. மாறவில்லை.

"மஞ்சளுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. இத வைக்காண்டாம்," என்றேன்.

சித்திக்கு முகம் சுருங்கியது. "ஏட்டி, நீ புஸ்தகத்துல படம் பாத்தவ. நாங்க கூணு தின்னு வளந்தவங்களாக்கும்."

"காம்ப ஏன் சித்தி கிள்ளுனிய?"

"பின்ன, மண்ணோட தரட்டா? கேக்கா பாரு, போலீசு மாதிரி!"

அவள் போய்விட்டாள். காம்பின் அடியைப் பார்த்தால்தான் கறையான் புற்றில் முளைக்கும் நல்ல காளானா என்று தெரியும். அதைக் கிள்ளியெறிந்தது எனக்கு உறுத்தியது. பெரிதாகப் பார்த்து எங்களுக்குக் கொடுத்தது அதைவிட உறுத்தியது. அவள் சமைத்தாளா? முதலில் நாங்கள் தின்று பார்க்கட்டும் என்று விட்டாளா? அவ்வளவு தூரம் போயிற்று என் புத்தி.

நாலு தொப்பிகளை எடுத்து, தனித்தனி வெள்ளைத்தாளில் கவிழ்த்து, டம்ளர்களால் மூடினேன். காளான் தன் பொடியைத் தாளில் உதிர்க்கும். பொடி பச்சையாக இருந்தால் விஷம். வேறு நிறம் வந்தால் நல்லது என்று சொல்லிவிடவும் முடியாது. மைனி ஒவ்வொரு மணிக்கும் வந்து, "ஒன் பரீட்ச முடிஞ்சுதா?" என்று கேட்டாள். அம்மா மிச்சக் காளானைத் தேக்கிலையோடு ஒதுக்கி வைத்தாள்.

சாயங்காலம் நாலு மணிக்குத் திறந்தேன். மூன்று தாள்களில் வெளிறிய ரோஜா நிறம். நாலாவதில் பாசி தேய்த்ததுபோல் பச்சை.

அம்மாவிடம் காட்டிவிட்டு, தாள்களோடு சித்தி வீட்டுக்கு ஓடினேன். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தேங்காய் வறுத்து அரைத்த வாசம்.

"சித்தி, எல்லாம் புத்துல பறிச்சதா? உண்மையச் சொல்லுங்க."

"புத்துல கொஞ்சந்தான் கெடச்சுது. வயித்துப்பிள்ளக்காரி ஆசையாக் கேக்கா, நாலு வாய்க்காவது வேண்டாமா? அந்தப் புது வீட்டு முத்தத்துப் புல்லுல நின்னதையும் சேத்தேன். என்ன அழகா நின்னுது தெரியுமா. பெருசெல்லாம் ஒங்களுக்கு. பொடிசுதான் எனக்கு."

தாளை நீட்டினேன். பச்சைப் பொடியை விரலால் தொட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"மஞ்சத்தண்ணியில காட்டலியே மக்கா," என்றாள். பிறகு, "அவ தின்னாளா?"

"இல்ல. யாரும் தின்னல்ல. நீங்க?"

"சித்தப்பா வரட்டும்னு இருந்தேன்."

குழம்பைச் சட்டியோடு இறக்கிக் கொல்லைக்குக் கொண்டுபோனாள். மண்வெட்டியால் குழி பறித்தாள். கோழி கிளறிவிடக் கூடாது என்று முழங்கால் ஆழத்துக்குப் பறித்தாள். மழை மறுபடி தூறத் தொடங்கியது. காலையில் அவளைப் பற்றி நினைத்ததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தாள்களை மடியில் மறைத்துக்கொண்டு நின்றேன்.

குழம்பை ஊற்றிவிட்டு நிமிர்ந்தாள். "பாத்துட்டு நிக்கா பாரு. மண்ணத் தள்ளுட்டி," என்றாள்.