சுவர் அளவு மொட்டு

என் அத்தை மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறார். வில்லையின் ஓரத்தைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவது அவர் வேலை. வீட்டுக்கு வந்தால் படம் எடுப்பார். கடையில் கழித்துப்போட்ட தடித்த வில்லை ஒன்றைக் கைபேசி கேமராவின் முன் ஒட்டிக்கொண்டு, செடிகளை மிக அருகிலிருந்து எடுப்பார். குட்டிக் குட்டிப் படங்கள். கதை இல்லை, பேச்சு இல்லை. இலையின் நரம்பு, தண்டின் பூனைமுடி, வேர்நுனியில் ஒட்டிய மண், அவ்வளவுதான்.

கடை முதலாளி ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, இதுல ஹீரோ யாரு, புழுவா?"

"புழு வந்தா ஹீரோயினைத் தின்னுடுமே சார்!"

இந்தப் படங்களுக்கு ஒரே ரசிகர் மாமாதான். அவருக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. தான் வளர்த்த தொட்டிச் செடிகளை இப்போது தடவித்தான் பார்க்கிறார். ஆனால் புரொஜெக்டரில் ஓர் இலையைச் சுவர் அளவுக்குக் காட்டினால், கிட்டப் போய் நின்று கொஞ்சம் கண்டுபிடித்துவிடுவார். அதற்காகத்தான் அத்தை படம் எடுக்கத் தொடங்கினார்.

போன மாதம், மாமா நட்டு அதுவரை பூக்காத ஒரு செடியில் முதன்முதலாக ஒரு மொட்டு வந்தது. அது வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் வகை. அடுத்த வருஷம் வரை கண் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"ராத்திரிதான் விரியும். விட்டுடாதே," என்றார் மாமா.

அத்தை தொட்டியைப் பின்னறைக்குத் தூக்கிவந்தார். காற்றில் ஆடக் கூடாதென்று ஜன்னலைச் சாத்தினார். படம் தெளிவாக விழ வேண்டுமே என்று விளக்கைப் பக்கத்திலேயே எரியவிட்டார். வெளியே இரவு வந்தது; மொட்டுக்கு வரவில்லை. விடிந்தபோது அது மூடியபடியே துவண்டு கிடந்தது. விளக்கை அணைக்கப் போனபோதுதான் அத்தைக்கு விஷயம் உறைத்தது.

வேறு ஏதாவது பூவை எடுத்துக் காட்டியிருந்தால் மாமாவுக்குத் தெரிந்திருக்காது. அன்று மாலை அத்தை அந்த மொட்டையே சுவரில் காட்டினார்.

"ஏங்க, இது விரியலை. லைட்டைப் போட்டே வெச்சிருந்தேன். நானே கெடுத்துட்டேன்."

மாமா எழுந்து சுவரருகே போய், மொட்டின் விளிம்பை விரலால் தேடினார்.

"நுனி கொஞ்சம் பிரிஞ்சிருக்கா?"

"லேசா."

"உள்ளே என்ன நிறம்?"

"தெரியலையேங்க."

"சரி, விடு. அடுத்த வருஷம் இருட்டுல வெச்சுப் பாரு. பார்த்துட்டு எனக்குச் சொல்லு."

அத்தை தலையாட்டினார். அது மாமாவுக்குத் தெரிந்திருக்காது என்று உறைக்க, "சொல்றேங்க," என்றார்.