மௌஸ் இல்லாமல் கிளிக் செய்வது எப்படி

விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுக்கும் கடையில் வேலை என்றால் மின்விசிறிக் காற்றில் உட்கார்ந்திருக்கும் சுகமான வேலை என்று நினைப்பவர்கள், மௌஸ் இல்லாமல் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பாருங்கள்; என்னைப்போல் அவதிப்பட்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இனி எல்லாம் வேகம்

கெடா மாநிலத்துப் பீடோங்கில் எங்கள் போட்டோஸ்டேட் கடையைத் திறந்தபோது கம்ப்யூட்டர் தானாகவே அப்டேட் ஆகியிருந்தது. இனி வேகமாக ஓடுமாம். அம்புக்குறி மட்டும் திரை நடுவே நின்றுவிட்டது. வயரைக் கழற்றி வேறு துளையில் செருகினேன். விற்பனைக்கு வைத்திருந்த புது மௌஸைப் பிரித்து மாட்டினேன். ஊதியும் பார்த்தேன்.

சிடாம் கிரியிலிருந்து வந்த லெட்சுமி அக்கா, மகளின் தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பம் அனுப்பக் காத்திருந்தார். மகளுக்குத் தொழிற்சாலையில் லீவு இல்லை. பகல் பன்னிரண்டோடு கெடு முடிகிறது. அப்போது மணி பதினொன்று. அக்கா என்னைத்தான் சந்தேகப்பட்டார்.

“நேத்து நகலெடுக்க வந்தப்ப நல்லாதானே இருந்துச்சு, நீங்க என்னாக்கா பண்ணீங்க?”

ஜித்ராவிலிருந்து வைத்தியம்

சாமான் எடுக்க ஜித்ரா போயிருந்த முதலாளி பாய்க்குப் போன் போட்டேன். பழைய டிரைவருக்குத் திருப்பினால் சரியாகிவிடும் என்றார். டிரைவர் என்றால் மௌஸை ஓட்டும் மென்பொருளாம். முதலில் இதைக் கிளிக் செய்யணும், பிறகு அதை. எதை வைத்துக் கிளிக் செய்வது என்று கேட்டேன். 

“மௌஸ வெச்சுதான்க்கா, வேற எத வெச்சு லா?”

ஒரு ‘கே’ கூடிப்போனது

டிரைவரை மாற்றினால் கம்ப்யூட்டரை அணைத்துப் போடணும். போன தடவை அது எழுந்து வர முக்கால் மணி நேரம் ஆனது. அதனால் விண்ணப்பம்தான் முதலில். டேப் விசையைத் தட்டித் தட்டிக் கட்டம் கட்டமாக நகர்ந்தேன்.

நேர்முகத் தேர்வு எந்த மாநிலத்தில் என்ற கட்டத்தில், கெடாவுக்கு ஒரு ‘கே’ தட்டினால் போதும். பதற்றத்தில் இரண்டு தட்டியிருக்கிறேன். அது அடுத்த மாநிலத்துக்குத் தாவியதை நான் பார்க்கவில்லை. அனுப்பிவிட்டால் திருத்த முடியாது. எண்டர் விசையில் விரல் வைத்தபோது லெட்சுமி அக்கா என் கையைப் பிடித்தார். கெடா இருக்கவேண்டிய இடத்தில், நாட்டின் அந்தக் கோடியில் இருக்கும் கிளந்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கவே சிரமப்படுகிறவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

“இந்த எழுத்து போட்ட பஸ்ஸுல நான் ஏறமாட்டேன்க்கா.”

வைத்தியம் பலித்தது

பன்னிரண்டுக்கு ஆறு நிமிடம் இருக்கையில் விண்ணப்பம் போனது. பிறகு விசைகளைத் தட்டியே தேடிப்போய்ப் பழைய டிரைவருக்குத் திருப்பினேன். அணைத்துப் போட்டதும் அம்புக்குறி ஒன்றுமே நடக்காததுபோல் ஓடியது. சாயங்காலம் பாய் வந்து மௌஸை ஆட்டிப் பார்த்தார்.

“பாத்திங்களா, நான் சொன்ன மாதிரி கிளிக் பண்ணதும் சரியாயிருச்சு லா.”

பெரிய படிப்பு படித்தவர்கள் அப்டேட் செய்து அனுப்பியதை, பள்ளியில் படிவம் இரண்டோடு நின்ற நானும் அதுகூட எட்டாத லெட்சுமி அக்காவும் சமாளித்து, ஒரு பிள்ளையைக் கிளந்தானுக்கு அனுப்பாமல் காப்பாற்றினோம் என்பதைத் தவிர, அன்று கடையில் வேறு விசேஷம் இல்லை.