சேவல் வாலும் பெரியப்பாவின் தூண்டிலும்

பிள்ளைகளே, உங்கள் பெரியப்பா நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. எனக்கு எழுத அதிகம் வராது. ஆனாலும் உங்கள் அம்மா நம் வீட்டுக்கு வந்த கதையை எழுதியே ஆக வேண்டும்.

பெரியப்பா நாங்குநேரி பக்கம் பிறந்தவர். எங்கள் அப்பா இறந்ததும் தாராவிக்கு வந்து, தோல் பை பட்டறையில் தைத்து என்னை ஆளாக்கினார். ஞாயிறானால் மாஹிம் கடலோரம் தூண்டிலோடு நிற்பார். ஆனால் புழுவைத் தொட்டால் அவருக்கு உடம்பெல்லாம் கூசும். அதனால் பொய் இரை செய்வார். சிரட்டைத் துண்டை மீன்குஞ்சு போலத் தேய்த்து, தூண்டில் முள்ளைக் கட்டி, வாலுக்குக் கோழி இறகு வைப்பார்.

எனக்குப் பெண் பேசியிருந்த சமயம். கல்யாணம் நல்லபடி நடக்க, எங்கள் சந்திலேயே குடியிருந்த என் மாமனார், குலசாமியான மாடசாமிக்கு ஒரு சேவல் நேர்ந்துவிட்டிருந்தார். அது தெரியாமல், சந்தில் மேய்ந்த அந்தச் சேவலின் வாலைப் பெரியப்பா பிடுங்கிவிட்டார். குறைபட்ட சேவலைச் சாமிக்குக் கொடுக்கக்கூடாது. "சகுனமே சரியில்ல, கல்யாணம் வேண்டாம்" என்று மாமனார் குதித்தார். சந்தே பூனைமேல் பழி போட்டது.

"அண்ணே, பூனைன்னே இருக்கட்டும்" என்று கெஞ்சினேன்.

"மறைச்சு ஒரு பொண்ணக் கூட்டிட்டு வரணுமாக்கும்? போலே!" என்று பெரியப்பா அந்த வால் வைத்த இரையோடு மாமனாரிடம் போய் ஒப்புக்கொண்டார். வேறு சேவல் வாங்கித் தருவதாகவும் சொன்னார்.

மாமனார் இரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னய்யா, இதுல மீன் விழுமா?"

"விழும் மாமா" என்றார் பெரியப்பா.

"ஞாயித்துக்கிழம நானும் வாரேன். விழுந்தா சாமிக்குக் கோவமில்ல. விழலன்னா பொண்ணு இல்ல."

அன்று பாறைமேல் உட்கார்ந்து நான் வேண்டாத சாமி இல்லை. மதியம்வரை பிளாஸ்டிக் பையும் ஒற்றைச் செருப்பும்தான் வந்தன. "இப்படியா எறியுதது? இங்க குடும்" என்று மாமனாரே தூண்டிலைப் பிடுங்கி எறிந்தார். கொடுவா மீன் ஒன்று மாட்டியது. அவர் போட்ட கூச்சலில் "க்யா ஹுவா?" என்று, என்ன ஆச்சோ எனப் பதறி நாலு பேர் ஓடி வந்தார்கள்.

சந்தில் ஒவ்வொரு வாசலிலும் நின்று, மீனைப் பையிலிருந்து எடுக்காமலே, இவ்வளவு நீளம் என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார் மாமனார். "அதுக்கும் மேலயே இருக்கும்" என்றார் பெரியப்பா. மறுமாதம் கல்யாணம்.

பெரியப்பா தன் கடைசி வாரத்திலும் ஆஸ்பத்திரி மெத்தையின் தேங்காய் நாரை உருவி இரை கட்டி நர்ஸிடம் திட்டு வாங்கினார்.

அவரைத் தூக்கிச் சுமந்தவர்களுக்கும், பதினாறு நாளும் எங்களுக்குச் சோறு கொடுத்த சந்து மக்களுக்கும் கைகூப்பி நன்றி. துக்கம் கேட்க வந்த பலர், அந்த மீன் உண்மையில் எவ்வளவு பெரிது என்று கேட்டார்கள். நம் சந்தில் அது தெரிந்தவர்கள் மூன்று பேர். மாமனாரும் பெரியப்பாவும் போய்விட்டார்கள். நானும் சொல்வதாக இல்லை.