அறுபது துணிக்குக் கஞ்சி

சாரம் பகுதிக்கு வந்து நிர்மலாதேவி வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். கார் துணி நிர்மலா என்று கேட்டால் வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள். தட்டாஞ்சாவடியில் எழிலரசன் வைத்திருக்கும் கார் பாலிஷ் கடைக்குத் துணி துவைத்துக் கொடுக்கிறவள் அவள். கடையிலேயே துவைக்கலாம்தான். ஆனால் அங்கே பாலிஷ் தூள் பறந்து ஈரத்துணியில் ஒட்டிக்கொள்ளும். அதனால் அவள் கணவன் அய்யப்பன் தன்னுடைய குட்டியானை வண்டியில் அழுக்கு மூட்டையை வீட்டில் இறக்குவான், துவைத்துக் காய்ந்ததைக் கடைக்கு ஏற்றிப் போவான்.

அது நாம் தோளில் போடுகிற துண்டு மாதிரி இல்லை. மைக்ரோ ஃபைபர். முடியை விட மெல்லிசான இழை. நல்ல துணியாக இருந்தால் உள்ளங்கை வெடிப்பில் பூனை நாக்கு மாதிரி பிடித்து இழுக்கும். வழுக்கிக்கொண்டு போனால் அது செத்த துணி. கம்ஃபர்ட் ஊற்றக் கூடாது, கொதிக்கிற தண்ணீர் காட்டக் கூடாது, பருத்தியோடு சேர்த்து ஊறவைக்கக் கூடாது, இஸ்திரிப் பெட்டி கிட்டேயே வரக் கூடாது. எழிலரசன் முதல் நாள் இவ்வளவையும் சொன்னபோது நிர்மலா அதை முறை உறவாக்கி மனசில் போட்டுக்கொண்டாள். வண்டி மேனியைத் துடைக்கிற மஞ்சள் துணி பெண் வீடு. கண்ணாடி துடைக்கிற நீலத்துணி மாப்பிள்ளை வீடு. பக்கத்துப் பக்கத்தில் உட்காரலாம், ஒரே வாளியில் குளிக்கக் கூடாது. சக்கரம் துடைக்கிற சிவப்புத் துணி சொத்துத் தகராறில் இருக்கிற பங்காளி. அதற்கு வாளியும் தனி, கொடியும் தனி, மூலையும் தனி.

அப்படிப்பட்டவள் வீட்டில், மகன் கலைச்செல்வன் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், பந்தல் போட்டுக் குலை கட்டியிருந்த நேரத்தில்தான் இந்தக் கூத்து நடந்தது.

அய்யப்பனுக்கு ஒரே அக்கா, ஹேமலதா. அவள் மகள் சுடர்விழியின் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீராக அய்யப்பன் கொண்டுபோன மிக்ஸியில் இரண்டு ஜாருக்கு வெள்ளை மூடி, ஒன்றுக்குப் பச்சை மூடி. பழைய மிக்ஸியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று ஹேமலதா சபையில் சொன்னாள். மூடியைப் பார்க்கிற கண்ணுக்கு மிக்ஸி தெரியவில்லையா என்று நிர்மலா திருப்பிக் கொடுத்தாள். அவ்வளவுதான், மூன்று வருஷம் பேச்சு வார்த்தை இல்லை. கலைச்செல்வனுக்குக் கூடப்பிறந்தவள் கிடையாது. தாலி கட்டும்போது பின்னால் நின்று கை விளக்குப் பிடிக்கிற முறை அத்தைக்குத்தான். அய்யப்பன் மூன்று முறை பத்திரிகைத் தட்டோடு போய், மூன்றாவது முறைதான் அக்கா தட்டை வாங்கினாள். இப்போது பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள். வந்ததிலிருந்து நிர்மலா முட்டையின் மேல் நடக்கிற மாதிரி நடந்துகொண்டிருந்தாள். ஒரு சொல் பிசகினால் விளக்குப் பிடிக்க ஆளில்லை. ஊரும் உறவும் அதைப் பத்து வருஷம் பேசும்.

அன்று காலையில் மஞ்சளும் நீலமுமாக அறுபது துணியை அலசி வாளிகளில் வைத்துவிட்டு, ஜாக்கெட் வாங்கத் தையல்காரரிடம் போனாள் நிர்மலா. பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா தேவதாஸ் ஐயாவின் கறுப்புக் காருக்கான துணிகள் அவை. பாரிசிலிருந்து வரும் மகளை அழைக்க நாலு மணிக்கு அவர் வண்டியை எடுத்துக்கொண்டு மெட்ராஸ் கிளம்ப வேண்டும். தையல்காரர் கொக்கி தைக்கிறேன் என்று உட்கார வைத்தார். திரும்பும்போது மணி பதினொன்றரை.

மாடிப்படியில் ஹேமலதா இடுப்பில் கை வைத்து, பெரிய காரியம் முடித்த முகத்தோடு நின்றாள். வாளிகளில் இருந்தவை பந்தியில் கை துடைக்க வாங்கிவைத்த துண்டுகள் என்று எண்ணிக்கொண்டாள், துவண்டு கிடந்தனவாம். நொய்யரிசி போட்டுக் கஞ்சி காய்ச்சி, வடிகட்டி, அறுபதையும் முக்கி எடுத்து வெயிலில் போட்டுவிட்டாளாம். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அவள் அப்பா இராமதாஸ் ஒரு துணி மில்லில் நெசவுக்குப் போகும் பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிற பகுதியில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவர். அந்த வீட்டில் கைக்குட்டைக்குக்கூடக் கஞ்சி உண்டு.

நிர்மலா மேலே போய்ப் பார்த்தாள். அறுபதும் அப்பளமாகியிருந்தன. ஒன்றை எடுத்துச் சுவரில் சாய்த்தாள், அது கூப்பிடக் காத்திருக்கும் விருந்தாளி மாதிரி தானாக நின்றது. இன்னொன்றைத் தட்டினாள், டொக் என்றது. அதைக் கொண்டு கறுப்புக் காரைத் துடைத்தால் கோடு கோடாக விழும். அவளுக்கு அழுகை வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீர் வர, புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். பின்னாலேயே ஏறி வந்த ஹேமலதா அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டாள்.

"என்ன நிர்மலா, தட்டிப் பாக்குற? நிக்குதா இல்லியா?"

"நிக்குது அண்ணி. நடக்கும் போல இருக்குது."

இனி எப்படிச் சொல்லி நனைப்பது? கெடுத்துவிட்டீர்கள் என்றால் பெட்டி கிளம்பிவிடும். வாய்க்கு வந்தது ஒரு பொய். பக்கத்து மேட்டுப்பாளையத்துச் சம்பந்தி அன்புசெல்விக்குக் கஞ்சி பட்டால் உடம்பெல்லாம் அரித்துத் தடித்துவிடும் என்று சொன்னாள். ஹேமலதா பதறிவிட்டாள். முதலிலேயே சொல்லக் கூடாதா என்று கேட்டுக்கொண்டே அவளே வாளியைத் தூக்கினாள்.

வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுப் பிசைந்தார்கள். பால் மாதிரி வந்தது. ஊற்றிவிட்டு மறுபடி போட்டார்கள், மோர் மாதிரி வந்தது. மூன்றாவது தண்ணீரில் கொஞ்சம் வினிகர் ஊற்றினாள் நிர்மலா. ஊறுகாய்க்கா போடுற என்றாள் ஹேமலதா. ஐந்தாவது தண்ணீர் கண்ணாடி. முறுக்கக் கூடாது, அழுத்திப் பிழியத்தான் வேண்டும். வெயிலும் ஆகாது. அப்போதுதான் அவள் கண் வாசல் பந்தலில் விழுந்தது. நல்ல நிழல், சாமியானாக்காரர் கொண்டுவந்து வைத்த நாலு பெரிய காற்றாடி. குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி, மஞ்சள் ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம் எனத் தொங்கவிட்டு, நாலையும் போட்டுவிட்டாள். பந்தலே கப்பல் மாதிரி படபடத்தது.

ஒன்று சொல்ல மறந்தேன். கல்யாண வீட்டில் நினைக்காத நேரத்தில்தான் சம்பந்தி வருவாள். நலங்குக்கு எத்தனை பேர் என்று கேட்க அன்புசெல்வி ஆட்டோவில் வந்து இறங்கினாள். கட்டியிருந்தது சுங்குடிச் சேலை, கத்தி மடிப்பு. நடந்தால் சர்சர் என்று காகிதச் சத்தம். அப்படி ஒரு கஞ்சி.

அவள் தலைக்கு மேல் பார்த்து மலைத்துப்போனாள். இப்படித் துணித் தோரணம் கட்ட எங்கே ஆள் பிடித்தீர்கள், எங்கள் வாசலுக்கும் கட்டச் சொல்லுங்கள் என்றாள். ஹேமலதா அவள் சேலையை மேலும் கீழும் பார்த்தாள். கிட்டே போய் மடிப்பை விரலால் தட்டினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"சம்பந்தி, இப்ப அரிப்பு எப்படி இருக்குது?"

"யாருக்கு?"

நிர்மலா இருவருக்கும் நடுவில் காபி டம்ளரை நீட்டினாள். சர்க்கரை போதுமா என்று நாலு முறை கேட்டாள். காற்றாடி சத்தத்தில் காது கேட்கவில்லை என்றாள். அதற்குள் துணி காய்ந்துவிட்டது. ஒவ்வொன்றாக உள்ளங்கையில் இழுத்துப் பார்த்தாள். பிடித்தது. அறுபதும் பிடித்தது. பந்திக்காரரிடம் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, அய்யப்பன் வண்டியில் போட்டுக்கொண்டு கடைக்குப் பறந்தான். அப்போது மணி இரண்டரை.

மூன்றே முக்காலுக்கு எழிலரசன் போன். நிர்மலா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள்.

"அக்கா, வண்டியில முகம் பாக்கலாம் போல ஆயிருச்சு. ஆனா ஒரு துணியில சோத்துப் பருக்கை. நல்லவேளை கண்ணுல பட்டுச்சு. வண்டியில தேச்சிருந்தா என் கதை முடிஞ்சிருக்கும். துணியெல்லாம் கஞ்சியில ஊறிப்போச்சுன்னு அய்யப்பன் மாமா சிரிக்கிறாரு. எந்த லூசுக்கா கார் துணிக்குக் கஞ்சி போட்டது?"

காற்றாடி நின்றிருந்தது. பேசியது எல்லாருக்கும் கேட்டது. ஹேமலதா எழுந்தாள், முகத்தைத் துடைத்துக்கொண்டாள், நேராக உள்ளே போனாள். பெட்டியை எடுக்கத்தான் போகிறாள் என்று நினைத்த நிர்மலா பின்னாலேயே ஓடினாள்.

"அண்ணி, நான்தான் பொய் சொன்னேன். சொன்னா நீங்க கோச்சிக்கிட்டுப் போயிருவீங்கன்னு பயந்துட்டேன்."

ஹேமலதா திரும்பி அவளைப் பார்த்தாள்.

"என்னை நிறுத்தி வைக்கிறதுக்காக, பாவம், சம்பந்திக்கு அரிப்பு வரவச்சிட்டியாடி?"

சொல்லி முடிக்கவில்லை, அவளுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நிர்மலா தரையில் உட்கார்ந்துவிட்டாள். விஷயம் தெரிந்ததும் அன்புசெல்வி சேலை மடிப்பைக்கூட மறந்து சுவரில் சாய்ந்து சிரித்தாள். ஆனால் ஹேமலதா உள்ளே போனது பெட்டிக்காக இல்லை, கடைக்குக் கிளம்பச் செருப்புக்காக. லூசு என்றதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பருக்கை என்றானே, அதுதான் சுட்டுவிட்டது. மூன்று முறை வடிகட்டிய கஞ்சியில் பருக்கையா? போனைப் பிடுங்கினாள்.

"தம்பி, அதைத் தூக்கிப் போட்டுராத. நான் வந்து பாக்கணும்."

அன்புசெல்வியின் ஆட்டோவைத் திருப்பி மூன்று பேரும் ஏறினார்கள். கடையில் தேவதாஸ் ஐயா தொப்பியோடு நின்றிருந்தார். கறுப்புக் கார் கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது. எழிலரசன் ஒரு காகிதத்தில் பருக்கையை வைத்திருந்தான். ஹேமலதா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள், விரலால் நசுக்கினாள், மோந்தும் பார்த்தாள்.

"நான் போட்டது நொய். இது முழு அரிசி, நீட்டு அரிசி. மசாலா வாசம் வேற அடிக்குது. மத்தியானம் என்ன சாப்பிட்ட தம்பி?"

எழிலரசனுக்குப் பதிலாக மூலையில் கிடந்த பிரியாணிப் பொட்டலம் சொன்னது. சாப்பிட்ட கையை அந்த மஞ்சள் துணியில் துடைத்திருக்கிறான். அதற்கப்புறம் நிர்மலா அவனை விட்டாளா? துணிக்கிட்ட சாப்பாடு வரக்கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதானடா என்று ஆரம்பித்தவள், தேவதாஸ் ஐயா காரை எடுத்துக்கொண்டு, நன்றிக்கு மெர்சி சொல்லிப் போகிறவரை நிறுத்தவில்லை. ஹேமலதா பக்கத்தில் நின்று, தன் தம்பி பெண்டாட்டி விட்டுவிட்ட இடங்களையெல்லாம் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் அவளே ஆட்டோவை எண்ணெய்க் கடை முன்னால் நிறுத்தச் சொன்னாள். கை விளக்குக்கு நல்லெண்ணெய் தானே பார்த்து வாங்கினால்தான் திருப்தியாம். புட்டியை மடியில் வைத்துக்கொண்டு, திரி எத்தனை இழை போடுவது என்று சாரம் வந்து சேரும்வரை நிர்மலாவோடு சண்டை பிடித்துக்கொண்டே வந்தாள்.