மாயவன் கொண்டுவந்த வெள்ளை உப்பு

சுனாமிக்குப் பிறகு கணக்கெடுக்க வந்த ஆள் மாயவனிடம் மூன்று கேள்விதான் கேட்டார். வீட்டில் யார் யார்? நான்தாங்க. யாராவது காணவில்லையா? இல்லீங்க. படகு, வலை ஏதாவது போச்சா? உப்பளத்து ஆளுங்க நான். அவ்வளவுதான். பேனாவை மூடிக்கொண்டு அடுத்த குடிசைக்குப் போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை. யாருமே இல்லாதவனிடம் எதைக் கடல் கொண்டுபோகும்? ஆனாலும் கரையோரமே தலையில் அடித்துக்கொண்டு அழுத அந்த வாரத்தில், அழுவதற்கு ஓர் ஆள்கூட இல்லாமல் நின்றது மாயவனுக்கு ஏதோ தப்புச் செய்துவிட்டவன்போல இருந்தது.

வயது நாற்பத்திரண்டு. அப்பாவும் அம்மாவும் மரக்காணம் உப்பளத்திலேயே உழைத்து, ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். கல்யாணம் ஒன்று ஆனது. அந்தப் பெண் ஆறு மாதம் குடித்தனம் செய்துவிட்டு, ஆடித் திருவிழாவுக்கென்று கீழ்புத்துப்பட்டிலிருந்த தாய்வீட்டுக்குப் போனாள், திரும்பவில்லை. ஏன் என்று இவனும் போய்க் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஒரு நடை போய், வாசலில் நின்று, "ஏம்மா வரல" என்று கேட்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? மாயவனின் குணம் அப்படி. யாராவது தானாக வந்து சொல்லட்டும் என்று காத்திருப்பான். இருபது வருடமாக ஒருவரும் வரவில்லை.

கடல் புகுந்த பாத்திகளில் சேறு படிந்து, அளத்து வேலை பல மாதம் படுத்துவிட்டது. அப்போதுதான் மீனவர் குப்பத்தின் தகரக் குடியிருப்பில், ஒரு தொண்டு நிறுவனம் பிள்ளைகளுக்காக ஒரு கொட்டகை போட்டு, சாயங்கால வகுப்பு தொடங்கியது. அதற்கு வாட்ச்மேன் வேண்டும் என்றார்கள். மாயவன் போய்ச் சேர்ந்தான். காலையில் பெருக்க வேண்டும், சாயங்காலம் திறக்க வேண்டும், பிள்ளைகள் போனதும் பூட்ட வேண்டும். வெயில் காலத்தில் அளம் மறுபடி உயிர் பெற்றபோதும் இந்த வேலையை அவன் விடவில்லை. பகலில் உப்பு, சாயங்காலம் சாவி.

வகுப்பென்றால் பாடம் கிடையாது. பாண்டிச்சேரியிலிருந்து பஸ்ஸில் வரும் ஜெயப்ரியா டீச்சர், ஒரு பெரிய பை நிறைய கலர்த் தாளும் ஐஸ் குச்சியும் கொண்டுவருவாள். தாளில் பூ செய்தார்கள், குச்சியில் போட்டோ சட்டம் செய்தார்கள், தேங்காய்ச் சிரட்டையில் ஆமை செய்தார்கள். கிளிஞ்சல் வேலை மட்டும் நடக்கவில்லை. கிளிஞ்சல் பொறுக்கக் கடற்கரைக்குப் போக இருபத்தேழு பிள்ளைகளில் ஒன்றுகூட அசையவில்லை. டீச்சர் அதைப் பற்றி இரண்டாம் முறை பேசவில்லை.

மாயவன் முதலில் கதவோரம் நின்றான். பிறகு கீழே விழுந்த கத்திரிக்கோலை எடுத்துக் கொடுத்தான். பிறகு மைதாவைக் காய்ச்சிப் பசை கிண்டித் தந்தான். அவன் கிண்டும் பசையில் ஒரு கட்டி இருக்காது. "வாட்ச்மேன், பசை!" என்று பிள்ளைகள் குரல் கொடுத்தால் சட்டியோடு ஓடுவான். குப்பத்தில் அவனுக்கு வாட்ச்மேன் என்றுதான் பெயர். அளத்தில் "ஏம்பா". மாயவன் என்ற பெயர் ரேஷன் கார்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. ஒருநாள் அவன் குனிந்து சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் ஒரு சின்னக் குரல் கேட்டது.

"உன் பேரு இன்னா?"

"மாயவன்" என்றான். அவன் திரும்புவதற்குள், கை கழுவ வந்த கூட்டம் முட்டி மோதி உள்ளே ஓடிவிட்டது. எந்தப் பிள்ளை கேட்டதென்று தெரியவில்லை.

செப்டம்பர் கடைசியில் டீச்சர் ஒரு புதுச் செய்முறையோடு வந்தாள். மைதா, தூள் உப்பு, தண்ணீர் மூன்றையும் பிசைந்து உருவம் செய்து, காயவைத்து வர்ணம் பூச வேண்டும். ஆளுக்கொன்று செய்து, ஆயுத பூசை அன்று தங்களுக்கு வேண்டியவர்களுக்குப் பரிசாகக் கொடுக்க வேண்டும். உப்பு வாங்க டீச்சர் பர்ஸை எடுத்ததும் மாயவனுக்கு மானம் போனதுபோல் ஆகிவிட்டது.

"இன்னா டீச்சர், அளத்துப் பக்கத்துல இருந்துகினு கடையில உப்பு வாங்குவீங்களா? நான் கொண்டாறேன்."

கொண்டுவந்தான். அங்கேதான் கோட்டை விட்டான். வரப்பில் குவித்திருந்த அம்பாரத்திலிருந்து எடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பாத்தியில் வாரிய உப்பைக் குவித்துப் பல நாள் போட்டுவைப்பதே, அதில் இருக்கும் கசப்புத் தண்ணீர் வடியட்டும் என்றுதான். வடியாத உப்பு காற்றின் ஈரத்தைக் குடித்துக் கசிந்துகொண்டே இருக்கும். இது உப்பளத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்த வருடத்து அம்பாரம் சேறு கலந்து சாம்பல் நிறமாக இருந்தது. அன்று காலை பாத்தியின் மேல் ஏடாகப் படிந்த உப்போ பளீரென்று பல் மாதிரி வெள்ளை. பிள்ளைகள் கை வைக்கப் போகிறார்கள், அழுக்கு உப்பையா கொடுப்பது? வடிய விடுவதெல்லாம் தின்கிற உப்புக்குத்தானே என்று நினைத்தான். வெயிலில் காயவைத்து, அம்மியில் நுணுக்கி, துணியில் சலித்து, ஒரு தூக்கு நிறையக் கொண்டுவந்து நீட்டினான். "எவ்வளவு வெள்ளை" என்று டீச்சர் சொன்னாள். அன்றிரவு அவனுக்குச் சோறு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம்.

மீன், படகு, நட்சத்திரம், வெற்றிலை, கைவிரல் அச்சு என்று இருபத்தேழு உருவங்கள் வெயிலில் காய்ந்து, வர்ணம் பூசி, கொட்டகையின் நீள பெஞ்சில் செய்தித்தாள் மேல் வரிசையாக உட்கார்ந்தன.

"யாருக்குக் குடுக்கப் போறீங்களோ அவங்க பேரை மட்டும் பென்சில்ல எழுதி, அடியில வைங்க. உங்க பேரு வேணாம். யாரும் யாரோடதையும் பாக்கக் கூடாது" என்றாள் டீச்சர். பிள்ளைகள் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்கள்.

பூசைக்கு இன்னும் ஆறு நாள். சாவி மாயவன் இடுப்பில்.

காலையில் வந்து பெருக்குவான். பெஞ்சுக்கு அடியில் பெருக்கும்போது கை தானாக நிதானமாகும். இருபத்தேழு சீட்டில் ஒன்று தன் பேருக்கு இருக்குமோ என்ற எண்ணம் முதல் நாளே வந்துவிட்டது. வந்ததும் வெட்கமாகவும் இருந்தது. நாற்பத்திரண்டு வயதில், பிள்ளைகள் பிசைந்த மாவுக்கு ஏங்குவதா? ஆனாலும் மனசு கேட்டால்தானே. பொன்னி தரலாம் என்று ஒரு கணக்குப் போட்டான். பொன்னிக்கு ஒன்பது வயது, வாயாடி, எப்போதும் பசைச் சட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கதையளப்பவள். அவள் அம்மாவைக் கடல் கொண்டுபோனது. அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்காது என்று அவளே சொல்லியிருக்கிறாள். அப்படியென்றால் அவள் மீன் யாருக்கு? சீட்டைப் புரட்டிப் பார்த்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அவன் பார்க்கவில்லை. நேர்மை என்று சொல்லிவிட முடியாது. இல்லை என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான்.

மூன்றாம் நாள் மழை பிடித்தது. சாயங்காலம் தொடங்கிய மழை விடிந்தும் விடவில்லை. காலையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து பூட்டைத் திறந்தான். தகரமெல்லாம் வியர்த்திருந்தது. பெஞ்சில் மீனும் இல்லை, படகும் இல்லை. இருபத்தேழும் கசிந்து, தளர்ந்து, ஒன்றோடொன்று வர்ணம் கலந்து கொழகொழவென்று கிடந்தன. ஒரு கட்டியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். கசந்தது. தன் உப்புதான் என்று நாக்கு சொன்னது. பெஞ்சோரம் அப்படியே உட்கார்ந்து அழுதான். சுனாமிக்கு அழாத ஆள்.

பிள்ளைகள் வந்து பார்ப்பதற்குள் சுத்தம் செய்தாக வேண்டும். ஒவ்வொரு கட்டியாக வழித்தெடுத்தான். அடியில் சீட்டு. நனைந்தாலும் பென்சில் எழுத்து அழியவில்லை. மூன்றாவது வரை படித்தவன், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். அம்மா. அம்மாவுக்கு. அப்பா. அம்மா. டீச்சர். தம்பிப் பாப்பா. எங்க நாய் மணிக்கு. டீச்சர். ஆறு சீட்டில் டீச்சர் இருந்தாள். பொன்னியின் மீன் இருந்த இடம் அவனுக்குத் தெரியும். அடியில் "செத்துப்போன அம்மாவுக்கு" என்று இருந்தது. அதைப் படித்ததும், அந்த மீனுக்கு ஆசைப்பட்ட தன்னையே அவனுக்குப் பிடிக்கவில்லை. மிச்சத்தைப் படிக்காமல்தான் வழிக்கப் பார்த்தான். கண் சும்மா இருந்தால்தானே.

பெஞ்சின் கோடியில், சுவரோரம், கடைசிக் கட்டி. நீலமும் சிவப்பும் கலந்து கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. என்ன உருவமென்று பிரம்மாவுக்கும் தெரியாது. சீட்டை உரித்தான். "மாயவன்" என்று எழுதியிருந்தது. வாட்ச்மேன் என்று இல்லை. மா, ய, வ, ன். நான்கு எழுத்தையும் மூன்று தரம் கூட்டினான். யார் செய்தது என்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை. அந்தக் கட்டியை மட்டும் செய்தித்தாளில் மடித்து மடியில் வைத்துக்கொண்டான்.

டீச்சர் வந்ததும் மறைக்காமல் சொன்னான். "என் உப்புதான் டீச்சர் கெடுத்துச்சு. வடியாத உப்பு. தெரிஞ்சிருந்தும் புத்தி இல்லாம எடுத்தாந்துட்டேன்." டீச்சர் திட்டவில்லை. இன்னொரு தரம் செய்யலாம் என்றாள். மாயவன் மழையிலேயே சேட்டு கடைக்கு ஓடி, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக பாக்கெட் உப்பு கேட்டான்.

"ஏம்பா, அளத்துல உப்பு தீந்துபோச்சா?" என்று சேட்டு சிரித்தார். மாயவன் வாங்கிக்கொண்டு ஓடிவந்தான்.

பிள்ளைகள் மறுபடியும் பிசைந்தார்கள். வெயில் இல்லாததால், மாயவன் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றி, தணலில் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பி வாட்டி எடுத்தான். இரண்டு நாள் அதுதான் வேலை. பூசையன்று கத்திரிக்கோலுக்கும் பிரஷுக்கும் பொட்டு வைத்துப் பொரி படைத்தார்கள். பிறகு ஒவ்வொரு பிள்ளையாகத் தன் பரிசை எடுத்துக்கொண்டு போனது. மாயவன் கதவோரம் நின்றான், வேட்டி மடிப்புக் கலையாமல். பழைய சீட்டுகளெல்லாம் அவனுக்கு மனப்பாடம். அம்மாக்களுக்குப் போயிற்று, அப்பாக்களுக்குப் போயிற்று, டீச்சர் கையில் ஆறு சேர்ந்தது. நாய்க்குட்டியையும் தூக்கி வந்திருந்தார்கள். பொன்னி தன் மீனைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். எல்லாம் பழைய சீட்டுப்படியே நடந்தது. இவனிடம் மட்டும் யாரும் வரவில்லை.

பெஞ்ச் காலியானது. டீச்சர் தலைகளை எண்ணிப் பார்த்தாள்.

"இருபத்தாறுதான் இருக்குது. பூவிழி எங்க?"

"அவள அவங்க அம்மாவோட தங்கச்சி, அந்தச் சித்தி கூட்டினு போய்ட்டாங்க டீச்சர்" என்றாள் பொன்னி. "இடையஞ்சாவடிக்கு. மழை பேஞ்ச அன்னிக்கே. இனிமே அங்கதான் ஸ்கூலாம்."

பூவிழி. மாயவன் முகத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தான். பெஞ்சின் கோடியில் சுவரோரம் உட்காரும், பேசாத ஒரு சின்னப் பெண். சித்தப்பா வீட்டில் ஒண்டியிருந்தது. அதற்குப் பசை கொடுத்திருப்பான். ஒரு வார்த்தை பேசியதாக நினைவில்லை. வாயாடிக்கு ஆசைப்பட்டு, தன்னைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்க்காமல் விட்டுவிட்டான். அந்த நினைப்பு அவனை வெகு நாள் அரித்தது.

தை பிறந்ததும் சிமெண்டு வீடுகள் தயாராகி, குப்பத்து ஜனம் அங்கே குடிபோனது. கொட்டகையைப் பிரித்தார்கள். சாவியை டீச்சரிடம் கொடுத்தபோது, "நல்லா இருங்க அண்ணா" என்றாள். அவளும் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனாள். சாயங்காலங்கள் மறுபடி நீண்டுபோயின. அடுப்படி மாடத்தில் அந்தக் கட்டி, தை வெயிலில் காய்ந்து கல்லாகியிருந்தது. தினம் ஒரு தரம் எடுத்துப் பார்ப்பான். ஒருநாள் படகு போலிருக்கும், ஒருநாள் பறவை போலிருக்கும். கேட்டால் தெரிந்துவிடும். கேட்க வேண்டுமே.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டியைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு, இடையஞ்சாவடிக்குப் போகப் பாண்டி பஸ்ஸில் ஏறிவிட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளப் புறப்பட்டான். இறங்கி, உள்ளே வெகு தூரம் நடந்து, விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தான். சித்தி வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். "யாருங்க?" என்றாள். "குப்பத்துக் கொட்டகையில வாட்ச்மேனா இருந்தேங்க" என்றான். உட்காரச் சொல்லவில்லை. பூவிழி வெளியே வந்தாள். ஒரு விரற்கடை வளர்ந்திருந்தாள்.

மாயவன் தாளைப் பிரித்து நீட்டினான்.

"இது நீ செஞ்சதுதானே கண்ணு? மழையில கரைஞ்சி இப்படி ஆயிடுச்சு. இன்னாது இது?"

அவள் வாங்கி, இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கி யோசித்தாள்.

"தெரியல மாமா. மறந்துபோச்சு."

பிள்ளைதானே. நாலு மாதத்தில் பள்ளிக்கூடம் மாறியிருக்கிறது, ஊர் மாறியிருக்கிறது. மறக்காமல் என்ன செய்யும்? மாயவன் தலையை ஆட்டிக்கொண்டான். பிறகு சட்டைப் பையிலிருந்து இன்னொன்றை எடுத்தான். முந்தின நாள் அவனே பிசைந்து, தோசைக்கல்லில் வாட்டியது.

"இது இன்னாது?" என்றாள் பூவிழி.

"மீனு."

"செருப்பு மாதிரி இருக்குது." முதல் தடவையாக அவள் சிரித்தாள். பின்பக்கம் திருப்பினாள். ஆணியால் கீறிய எழுத்தை, அவனைப் போலவே விரல் வைத்துக் கூட்டினாள். பூ, வி, ழி. சிரிப்பு நின்றது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இதுவும் மழையில கரைஞ்சிடுமா?"

"கரையாது" என்றான் மாயவன். "கடை உப்பு."